விடை வந்தது… கணக்கு வந்ததா?

நார்த்மீட், இரவு ஏழரை மணி. விண்ட்ஸர் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் தெருவில் ஒரு சமையலறை மேசை. அடுப்பில் பருப்பு வேகிறது. வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் இரவு வேலைக்குக் கிளம்பும் அம்மா, சாப்பாட்டுப் பெட்டிக்கு மூடி தேடிக்கொண்டிருக்கிறார். ஒன்பதாம் ஆண்டு படிக்கும் மகள் கொப்பியைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். கணக்கு இதுதான்: எக்ஸோடு 3ஐக் கூட்டி வர்க்கப்படுத்தினால் 25 வருகிறது; எக்ஸ் என்ன?

அவள் எழுதிய விடை 4. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருப்பது 2, அத்தோடு கழித்தல் 8. அழித்துவிட்டு மறுபடியும் செய்கிறாள். மறுபடியும் 4. ஃபோன் கைக்கு வருகிறது. ஒரு படம், சில விநாடிகள். விடை மட்டுமல்ல, இடையில் வரவேண்டிய வரிகளும் திரையில் வந்து நிற்கின்றன. ஒன்றுவிடாமல் கொப்பிக்கு இறங்குகின்றன.

"வீட்டுப்பாடம் முடிஞ்சுதோ பிள்ளை?"

"ஓம் அம்மா."

அம்மா எட்டிப் பார்க்கிறார். கையெழுத்து நன்றாக இருக்கிறது. விடையும் சரி. கார் கிளம்பிவிடுகிறது.

குறிப்பிட்ட ஒரு குடும்பத்தின் கதை இல்லை இது. வென்ட்வொர்த்வில், டூங்காபி, பெண்டில் ஹில், நார்த்மீட் என்று தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த மேற்கு சிட்னியில் இந்த மேசையை யாரும் அடையாளம் கண்டுகொள்வார்கள். சென்னை வேளச்சேரியிலும் கண்டுகொள்வார்கள். ஆனால் அந்தச் சில நிமிடங்களில் ஒரு விஷயம் யார் கண்ணிலும் படாமல் போனது. அந்தப் பிள்ளைக்கு ஏன் இரண்டு முறையும் 4 வந்தது?

எக்ஸையும் 3ஐயும் தனித்தனியாக வர்க்கப்படுத்தி, எக்ஸ் வர்க்கத்தோடு 9ஐக் கூட்டினால் 25 என்று எழுதியிருக்கிறாள். 25லிருந்து 9 போனால் 16. அதன் வர்க்கமூலம் 4. உலகம் முழுக்கப் பிள்ளைகள் செய்கிற தவறு இது. பக்கத்தில் விஷயம் தெரிந்த ஒருவர் இருந்திருந்தால் ஒரே கேள்வி போதும்: "எக்ஸுக்கு 1 போட்டுப் பார். 1ஐயும் 3ஐயும் கூட்டி வர்க்கப்படுத்து. 16 வருகிறதா? இப்போது உன் வழியில் செய். 1ஐயும் 9ஐயும் கூட்டினால் 10தானே வருகிறது?" அரை நிமிட வேலை. அந்த அரை நிமிடம் கிடைக்காததால், அதே தவறு பத்தாம் ஆண்டுக்கும், பதினோராம் ஆண்டுக்கும், அங்கிருந்து நுண்கணிதத்துக்கும் அவளோடு கூடவே போகும்.

இணையத்தில் கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுப்பது நல்லதா, கெட்டதா என்று கோயில் வாசலிலும் தமிழ்ப் பள்ளி வாசலிலும் பெற்றோர் பேசிக்கொள்கிறார்கள். கேள்வியே கொஞ்சம் தள்ளி நிற்கிறது. உதவி எதன் வழியாக வருகிறது என்பதைவிட, அது பிள்ளையின் தவறான வரியைப் பார்க்கிறதா இல்லையா என்பதுதான் விஷயம்.

விண்ட்ஸர் ரோட்டின் இரு பக்கமும்

சிட்னி நகர மையத்திலிருந்து மேற்கே சுமார் 26 கிலோமீட்டரில் இருக்கிறது நார்த்மீட். ஓடையைத் தாண்டினால் வெஸ்ட்மீட்டின் ஆஸ்பத்திரி வளாகங்கள். டாக்டர்கள், நர்ஸுகள், ஆய்வகப் பணியாளர்கள், ஐ.டி. ஊழியர்கள் என்று குடியேறிய குடும்பங்கள் இங்கே அதிகம். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் தமிழ் பேசுவோர் ஆஸ்திரேலியா முழுவதும் 95 ஆயிரத்தைத் தாண்டியிருந்தார்கள். அவர்களில் பெரும்பங்கு சிட்னியிலும் மெல்பர்னிலும்தான்.

இந்த வட்டாரத்தின் பள்ளிக்கூட வரைபடத்தைப் பார்த்தால், வீட்டுப்பாடம் ஏன் இத்தனை பெரிய விஷயம் என்பது புரிந்துவிடும். அதே விண்ட்ஸர் ரோட்டில் வடக்கே போனால் பால்கம் ஹில்ஸ் ஹைஸ்கூல். மேற்கே கிராவீன் ஹைஸ்கூல். கிழக்கே கார்லிங்ஃபோர்டில் ஜேம்ஸ் ரூஸ் விவசாய உயர்நிலைப் பள்ளி. மூன்றும் தேர்வெழுதித்தான் நுழைய முடிகிற 'செலெக்டிவ்' அரசுப் பள்ளிகள். ஜேம்ஸ் ரூஸ், 1996 முதல் 2022 வரை 27 ஆண்டுகள், பன்னிரண்டாம் ஆண்டு இறுதிச் சான்றிதழான எச்.எஸ்.சி.யின் தரவரிசையில் முதலிடத்தை விடவே இல்லை. 2023ல்தான் நார்த் சிட்னி பாய்ஸ் அந்த இடத்தைப் பறித்தது.

செலெக்டிவ் தேர்வு ஆறாம் ஆண்டிலேயே வந்துவிடுகிறது. அதாவது, நான்காம் ஆண்டுப் பிள்ளைக்கே ரியூஷன். யாழ்ப்பாணத்தில் ரியூட்டரி வாங்கில் வளர்ந்த தலைமுறைக்கும், சென்னையில் ஐ.ஐ.டி. கோச்சிங் பார்த்த தலைமுறைக்கும் இது புதிதல்ல. புதிது என்னவென்றால், அந்த ரியூட்டரி இப்போது பிள்ளையின் சட்டைப் பையிலேயே இருக்கிறது. கரும்பலகையிலிருந்து திரும்பிப் பார்த்து "எங்கே பிழைவிட்டாய்?" என்று கேட்கும் மாஸ்டர்தான் அதற்குள் இல்லை.

ஒவ்வொன்றும் ஒரு பிள்ளைக்காகத் தொடங்கியது

இணையத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பதன் வரலாற்றைத் தோண்டினால் வேடிக்கையான ஓர் ஒற்றுமை தெரிகிறது. பெரிய பெயர்கள் பலவும், நன்கு தெரிந்த ஒரு பிள்ளைக்கு உதவப் போய்த் தொடங்கியவை.

2004ல் அமெரிக்காவின் பாஸ்டனில் நிதி நிறுவன வேலையில் இருந்தார் சல்மான் கான். நியூ ஆர்லியன்ஸில் இருந்த அவருடைய ஒன்றுவிட்ட தங்கை நாடியாவுக்கு அலகு மாற்றம் பிடிபடவில்லை. தொலைபேசியிலும், திரையில் கிறுக்கிக் காட்டும் யாகூவின் பலகையிலும் பாடம் நடந்தது. மற்ற உறவுக்காரப் பிள்ளைகளும் சேரவே, 2006ல் யூட்யூபில் காணொலிகளாகப் போட்டார். 2008ல் அது கான் அகாடமி.

நம் கதைக்கு இன்னும் நெருக்கமானவர் எடி வூ. மலேசியாவிலிருந்து குடியேறிய குடும்பத்தின் பிள்ளை. படித்தது அதே ஜேம்ஸ் ரூஸில். ஆங்கிலமும் வரலாறும் சொல்லிக்கொடுக்கத்தான் ஆசைப்பட்டார். கணித ஆசிரியர்களுக்குப் பஞ்சம் என்று பல்கலைக்கழகத்தில் வற்புறுத்தவே, கணிதத்துக்கு மாறினார். நார்த்மீட்டிலிருந்து காரில் அரை மணிக்குள் போய்விடக்கூடிய செர்ரிபுரூக் டெக்னாலஜி ஹைஸ்கூலில் கணித ஆசிரியராக இருந்தபோது, 2012ல், அவருடைய மாணவர் ஒருவருக்குப் புற்றுநோய். பல நாட்கள் வகுப்புக்கு வர முடியவில்லை. தன் வகுப்பை அப்படியே படம் பிடித்து யூட்யூபில் ஏற்றினார் வூ. அந்த ஒரு மாணவருக்காகத் தொடங்கிய 'வூட்யூப்' சேனலுக்கு இன்று பத்து லட்சத்துக்கும் மேல் சந்தாதாரர்கள். 2018ல் ஆஸ்திரேலியாவின் 'லோக்கல் ஹீரோ' விருது அவருக்குப் போனது.

வூவின் காணொலிகளில் ஒரு விசேஷம் உண்டு. ஸ்டூடியோ இல்லை, நிஜ வகுப்பு. பின்னால் பிள்ளைகள் பேசும் சத்தம் கேட்கிறது. ஒருவர் தப்பாகச் சொல்கிறார், வூ அந்தத் தப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். வீட்டிலிருந்து பார்க்கிற பிள்ளை, தன் தவறை வேறொரு வாயிலிருந்து கேட்கிறது. எண்ணி ஏற்பாடு செய்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் அந்தச் சேனலின் பலமே அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மூன்றாவது, குரோஷியாக்காரர் தமிர் சபோல். தன் பிள்ளைகளின் கணக்குப் பாடத்துக்கு உதவும்போது தோன்றிய யோசனையிலிருந்து 2014ல் வந்தது போட்டோமேத். கணக்கைப் படமெடுத்தால் விடையும் வழியும் வரும். பிற்பாடு கூகுள் அதை வாங்கிக்கொண்டது. நார்த்மீட் மேசையில் நடந்தது, அந்த யோசனையின் இன்றைய வடிவம்தான்.

மூவரும் தங்களுக்குத் தெரிந்த பிள்ளையிடமிருந்து தொடங்கினார்கள். நாடியா எங்கே தடுமாறுவாள் என்று கானுக்குத் தெரியும். கோடிப் பேருக்குப் போனபோது அந்தத் 'தெரிந்த பிள்ளை' என்பதுதான் முதலில் கழன்றது.

[பெட்டி] கணக்கு இணையத்துக்கு வந்த வழி

2005: கே. கணேஷ் பெங்களூரில் டியூட்டர்விஸ்டாவைத் தொடங்கினார். இந்தியாவில் இருக்கும் ஆசிரியர், அமெரிக்காவில் இருக்கும் மாணவர். மாதம் 100 டாலர் அளவில் எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் பாடம். 2011ல் பியர்சன் வசமானது; 2017ல் பைஜூஸ் வாங்கியது. அந்த பைஜூஸ் மீது 2024ல் திவால் நடவடிக்கை தொடங்கியது.

2009: வொல்ஃப்ராம் ஆல்ஃபா. சமன்பாட்டைத் தட்டச்சு செய்தால் தீர்வு.

2014: போட்டோமேத். தட்டச்சும் வேண்டாம், படம் போதும்.

2022 நவம்பர்: சாட்ஜிபிடி. கேள்வியை எப்படி வேண்டுமானாலும் கேட்கலாம். பதில் எப்போதும் தன்னம்பிக்கையோடு வரும், சரியோ தப்போ.

2023 ஜனவரி: நியூ சவுத் வேல்ஸ் அரசுப் பள்ளிகளின் இணைய வலைப்பின்னலில் சாட்ஜிபிடி தடுக்கப்பட்டது. பிள்ளைகளின் ஃபோனில் அல்ல.

விடை விற்ற கடை

கணக்கு யந்திரங்களுக்கும் சாட்ஜிபிடிக்கும் நடுவில் ஒரு பெரிய வியாபாரம் இருந்தது. செக் என்ற அமெரிக்க நிறுவனம். பாடப்புத்தகம் வாடகைக்கு விட்டு வளர்ந்து, பிறகு வீட்டுப்பாடக் கேள்விக்கு விடை தரும் சந்தாவில் கொழித்தது. அமெரிக்க மாணவர் நள்ளிரவில் போடும் கேள்விக்குப் பதில் எழுதியவர்களில் ஏராளமானோர் இந்தியாவின் பொறியியல், அறிவியல் பட்டதாரிகள். ஒரு விடைக்கு இவ்வளவு என்று கூலி. வேலை தேடிக்கொண்டிருந்த எத்தனையோ பேருக்கு அது கைச்செலவுப் பணம்.

2023 மே 2. சாட்ஜிபிடியால் புதிய வாடிக்கையாளர் வருவது பாதிக்கப்படுகிறது என்று செக் தலைமை ஒப்புக்கொண்ட மறுநாள். பங்கின் விலை அந்த ஒரே நாளில் ஏறக்குறைய பாதியானது. 2025 மே மாதம் ஊழியர்களில் 22 சதவிகிதம் பேரையும், அக்டோபரில் 45 சதவிகிதம் பேரையும் வேலையிலிருந்து அனுப்புவதாக அறிவித்தது.

செக் மேல் எனக்கு அனுதாபம் இல்லை. விடையை மட்டும் விற்ற கடை, விடை இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியதும் மூடவேண்டியதுதான். ஆனால் அதில் பெற்றோருக்கு ஒரு செய்தி உண்டு. விடைக்கு இனி சந்தையில் விலையே இல்லை. கொப்பியில் சரியான விடை இருக்கிறது என்பது, பிள்ளையைப் பற்றி எதையுமே சொல்லாது.

துருக்கியில் சோதித்துப் பார்த்தார்கள்

இதை வெறும் புலம்பலாக விட வேண்டியதில்லை. அளந்து பார்த்திருக்கிறார்கள்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹம்சா பஸ்தானி உள்ளிட்ட ஆய்வாளர்கள், துருக்கியின் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ஏறக்குறைய ஆயிரம் மாணவர்களை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கம்போல் புத்தகமும் கொப்பியும். இரண்டாவது பிரிவுக்கு சாட்ஜிபிடி போன்ற சாதாரண சாட்பாட். மூன்றாவது பிரிவுக்கு, விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும்படி ஆசிரியர்கள் பழக்கிய சாட்பாட்.

பயிற்சிக் கணக்குகளில் இரண்டாவது பிரிவு 48 சதவிகிதமும் மூன்றாவது பிரிவு 127 சதவிகிதமும் கூடுதலாகச் சாதித்தன. இங்கே நிறுத்தியிருந்தால் விளம்பரத்துக்கு ஆகியிருக்கும். பிறகு சாட்பாட்டைப் பிடுங்கிவிட்டுத் தேர்வு வைத்தார்கள். சாதாரண சாட்பாட்டோடு பயிற்சி செய்தவர்கள், அதைக் கண்ணிலேயே காணாத முதல் பிரிவைவிட 17 சதவிகிதம் மோசமாகச் செய்தார்கள். குறிப்பு மட்டும் தந்த பிரிவுக்கு அந்த நஷ்டம் ஏறக்குறைய இல்லை. லாபமும் இல்லை என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பின்தங்கிய மாணவர்கள், தாங்கள் பின்தங்கியதை உணரவுமில்லை. நன்றாகப் படித்ததாகவே நினைத்தார்கள்.

இன்னொரு ஆய்வு, சாட்பாட்களுக்கு வெகு முன்னால் வந்தது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கர்ட் வான்லென், பல ஆண்டு ஆய்வுகளைச் சேர்த்து 2011ல் ஒரு ஒப்பீடு வெளியிட்டார். ஆசிரியர் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்தால் கிடைக்கும் பலன், ஆய்வாளர்களின் அளவுகோலில் 0.79. மாணவர் போடும் ஒவ்வொரு படியையும் பார்த்துத் திருத்தும் கணினி மென்பொருளுக்கு 0.76. கடைசி விடையை மட்டும் சரி, தப்பு என்று சொல்லும் மென்பொருளுக்கு சுமார் 0.3. மனிதருக்கும் யந்திரத்துக்கும் இருந்த வித்தியாசம் சொற்பம். வரியைப் பார்ப்பதற்கும் விடையைப் பார்ப்பதற்கும் இருந்த வித்தியாசம்தான் பெரிது.

இயற்பியலில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். நியூ சவுத் வேல்ஸின் 12ஆம் ஆண்டு இயற்பியலில் எறிபொருள் இயக்கம் முக்கியப் பாடம். மேலே எறிந்த பந்து உச்சியில் இருக்கும்போது அதன் முடுக்கம் என்ன என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பிள்ளைகள் பூஜ்யம் என்பார்கள். பூஜ்யமாவது வேகத்தின் செங்குத்துப் பகுதிதான். முடுக்கம் கீழ்நோக்கி வினாடிக்கு வினாடி 9.8 மீட்டர் என்ற கணக்கில் இருந்துகொண்டே இருக்கிறது. பந்து எவ்வளவு உயரம் போகும், எங்கே விழும் என்று கணக்கிடும் சமன்பாட்டை சாட்பாட் சரியாகப் போட்டுத் தரும். விடையும் வரும். உச்சியில் முடுக்கம் பூஜ்யம் என்ற நினைப்பு, பிள்ளையின் தலைக்குள் அப்படியே உட்கார்ந்திருக்கும். அதைக் கேட்டால்தானே யாரும் திருத்த முடியும்?

மண்டபத்துக்குள் நுழையும்போது

எச்.எஸ்.சி. மதிப்பெண்ணில் பாதி, பள்ளியின் உள்மதிப்பீடு. மறுபாதி பொதுத்தேர்வு. 2020 எச்.எஸ்.சி. முதல் நடப்பில் இருந்த பாடத்திட்டத்தில், கணித உள்மதிப்பீட்டின் ஒரு பகுதி ஆய்வுப் பணியாக இருக்க வேண்டும் என்று விதி வந்தது. மனப்பாடத்தைக் குறைத்து யோசிக்க வைக்கும் நல்ல நோக்கம். அதற்குப் பிறகு மூன்றாண்டுகளில் சாட்ஜிபிடி வரும் என்று அப்போது யாருக்குத் தெரியும்? வீட்டுக்குப் போகும் எந்தப் பணியையும் இப்போது சந்தேகத்தோடு பார்க்க வேண்டிய நிலை. பல ஆசிரியர்கள் வேலையை வகுப்பறைக்குள்ளேயே செய்ய வைக்கிறார்கள், அல்லது எழுதியதைப் பிறகு வாயால் விளக்கச் சொல்கிறார்கள்.

பெற்றோர் பலரும் கவனிக்காத ஒரு கணக்கும் இதில் உண்டு. பள்ளி தரும் உள்மதிப்பெண் அப்படியே போவதில்லை. அந்தப் பள்ளியின் மாணவர்கள் பொதுத்தேர்வில் மொத்தமாக எப்படிச் செய்தார்களோ, அதற்கேற்ப உள்மதிப்பெண்கள் சீரமைக்கப்படுகின்றன. பள்ளிக்குள் யார் முதல், யார் இரண்டாவது என்ற வரிசை மாறாது, மதிப்பெண் மாறும். ஆண்டு முழுக்க ஃபோனைப் பார்த்து அழகான கொப்பி நிரப்பிய ஒரு வகுப்பு, ஃபோன் இல்லாத மண்டபத்தில் சறுக்கினால், அந்தச் சறுக்கல் உள்மதிப்பெண்ணையும் சேர்த்துக் கீழே இழுக்கும். பார்த்து எழுதாத பிள்ளையும் அந்த வகுப்பில்தான் இருக்கிறது.

பல்கலைக்கழக மாணவருக்குக் கூலிக்கு எழுதிக்கொடுப்பதை ஆஸ்திரேலியா 2020ல் சட்டம் போட்டுத் தடுத்தது. இரண்டாண்டு வரை சிறை, பெருந்தொகை அபராதம், அல்லது இரண்டுமே. ஆனால் அந்தச் சட்டம் உயர்கல்விக்கு மட்டும். ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளையின் வீட்டுப்பாடத்துக்குக் காவல் வீடுதான்.

ஒரு கதவு மூடி, இன்னொன்று திறந்து

அரசு கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. தடுத்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது என்று தெரிந்து, நியூ சவுத் வேல்ஸ் கல்வித்துறை சொந்தமாகவே ஒரு சாட்பாட்டை உருவாக்கியது. பெயர் என்எஸ்டபிள்யூ எஜுசாட். 2024ல் 16 அரசுப் பள்ளிகளில் வெள்ளோட்டம். 2025 அக்டோபரில் ஐந்தாம் ஆண்டு முதல் அரசுப் பள்ளி மாணவர் அனைவருக்கும் திறந்துவிட்டார்கள். இது விடையை நேராகத் தருவதில்லை. கேள்வியைத் திருப்பிக் கேட்டு நடத்திக்கொண்டு போகும்படி அமைத்திருக்கிறார்கள். துருக்கிச் சோதனையின் மூன்றாவது பிரிவுக்குக் கிடைத்தது போன்றது. யோசனை சரி. ஆனால் ஒரு தட்டில் நேரடி விடையையும் இன்னொரு தட்டில் திருப்பிக் கேட்கும் கேள்வியையும் வைத்தால், இரவு எட்டு மணிக்குக் களைத்துப்போன பதினான்கு வயதுப் பிள்ளை எதை எடுக்கும் என்பதைச் சொல்ல ஆய்வு தேவையில்லை.

இதற்கிடையில், 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்ற சட்டம் அமலுக்கு வந்தது. மீறும் நிறுவனத்துக்கு 4.95 கோடி டாலர் வரை அபராதம். முதல் பட்டியலில் இருந்த பத்துத் தளங்களில் யூட்யூபும் ரெடிட்டும் உண்டு. கணக்கு இல்லாமலும் யூட்யூப் காணொலியைப் பார்க்கலாம், ஆகவே எடி வூவின் பாடம் மறைந்துவிடவில்லை. சேமித்து வைத்த பட்டியலும், விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதியும், கேள்வி கேட்டு எழுதும் இடமும்தான் போயின. சாட்பாட்கள் அந்தப் பட்டியலில் இல்லை. ஆக, தவறை வெளியே காட்டி நடக்கும் நிஜ வகுப்பறைப் பாடத்துக்குப் போகும் வழி கொஞ்சம் குறுகியது. விடையைக் கையில் கொடுக்கும் பெட்டி திறந்தே கிடக்கிறது. சட்டம் போட்டவர்கள் வீட்டுப்பாடத்தை மனத்தில் வைத்துப் போடவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் கணக்கு மேசையில் விளைவு இதுதான்.

யாழ்ப்பாணத்தில் மத்தியானம்

யந்திரம் வேண்டாம், மனிதர் வேண்டும் என்று நினைக்கும் குடும்பங்கள் கடலைத் தாண்டிப் பார்க்கின்றன. கொரோனா காலத்தில் இலங்கையில் ரியூஷன் வகுப்புகள் ஜூமுக்கு மாறின. அந்தப் பழக்கம் அப்படியே புலம்பெயர் வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது. நேரக் கணக்கும் வாகாக அமைகிறது. இலங்கைப் பள்ளிகள் பிற்பகல் ஒன்றரைக்கு விடுகின்றன. சிட்னியில் கோடைகால நேரம் நடக்கும் மாதங்களில், இங்கே இரவு ஏழரை என்றால் யாழ்ப்பாணத்தில் பிற்பகல் இரண்டு மணி. இணைந்த கணிதம் சொல்லிக்கொடுத்துத் தழும்பேறிய ஆசிரியர், சாப்பிட்டுவிட்டுத் திரைக்கு முன்னால் உட்கார நேரம் சரியாக இருக்கும். சிட்னி ரியூஷன் கட்டணத்தோடு ஒப்பிட்டால் செலவும் குறைவு. அங்கே ஒரு குடும்பத்துக்கு அது பெரிய ஆதரவு.

இதில் எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்பதைத் தீர்மானிப்பது காமெரா எங்கே பார்க்கிறது என்பது. பிள்ளையின் முகத்தைப் பார்த்தால், ஆசிரியர் விளக்குவார், பிள்ளை தலையாட்டும். கொப்பியைப் பார்த்தால், பேனா ஓடும்போதே ஆசிரியருக்குத் தப்பு தெரியும்: "நில். அந்தச் சமக்குறிக்குப் பிறகு என்ன எழுதினாய்?" பழைய ஃபோன் ஒன்றை ஒரு டப்பாவின் மேல் கவிழ்த்து வைத்துக் கொப்பியைக் காட்டினால் போதும். பத்துப் பதினைந்து பிள்ளைகளை ஒரே ஜூமில் போட்டு, எல்லோர் காமெராவும் அணைந்திருக்க நடக்கும் வகுப்புக்குப் பணம் கட்டுவதைவிட, எடி வூவை இலவசமாகப் பார்ப்பது மேல்.

சங்கடங்களும் உண்டு. இலங்கை ஆசிரியருக்கு எச்.எஸ்.சி. எப்படிக் கேட்கும் என்பது பரிச்சயம் இல்லாமல் இருக்கலாம். பழைய வினாத்தாள்களை மாநிலப் பாடத்திட்ட ஆணையமே தன் தளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது; அவற்றை ஆசிரியருக்கு அனுப்பிவைப்பது பெற்றோரின் பொறுப்பு. பாதுகாப்பு இன்னொன்று. நியூ சவுத் வேல்ஸில் தொழிலாகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவர், பிள்ளைகளோடு பணியாற்றுவதற்கான சரிபார்ப்பைப் பெற்றிருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து திரையில் வருபவருக்கு அந்தச் சரிபார்ப்பு இருக்காது. எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும், பூட்டிய அறையில் வேண்டாம். அந்த வகுப்பு சமையலறை மேசையிலேயே நடக்கட்டும்.

[பெட்டி] செலவில்லாமல் கிடைப்பவை

கான் அகாடமி: கணக்கைப் படிப்படியாகச் செய்ய வைத்து, தேவைப்பட்டால் மட்டும் குறிப்பு தரும் பயிற்சிகள். முழுக்க இலவசம்.

வூட்யூப்: நியூ சவுத் வேல்ஸ் பாடத்திட்டத்தை ஒட்டிய வகுப்புகள். மற்ற மாநிலத்தவருக்கும் பயன்படும்.

எஜுசாட்: அரசுப் பள்ளியின் உள்நுழைவுப் பெயர் வேண்டும். கத்தோலிக்க, தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்கு இல்லை.

உள்ளூர் நூலகம்: சில நூலகங்கள் உறுப்பினர்களுக்கு இணையவழி வீட்டுப்பாட உதவி தருகின்றன. நூலக அட்டையோடு போய்க் கேட்டுப் பாருங்கள்.

தமிழில் படித்த அப்பாவுக்கு

"நான் தமிழ் மீடியம், இவையளின்ரை இங்கிலீஷ் கணக்கு எனக்கு விளங்காது" என்று ஒதுங்கிக்கொள்ளும் அப்பாக்கள் இந்த ஊரில் ஏராளம். உயர்தரத்தில் கணிதப் பிரிவு படித்தவர்கள், பொறியியல் முடித்தவர்கள்கூட அப்படிச் சொல்கிறார்கள். சமன்பாடு எந்த மீடியத்திலும் அதேதான். சாவகச்சேரியில் பிழையான வரி வடக்கு சிட்னியிலும் பிழைதான். கேள்வியின் ஆங்கிலத்தைப் பிள்ளை வாசித்துச் சொல்லட்டும். அதன் பிறகு நடக்கும் வரிகளை உங்களால் நிச்சயம் வாசிக்க முடியும். கணக்கே தெரியாத அம்மாவாலும் ஒரு வேலை முடியும்: "இந்த வரியிலிருந்து அந்த வரிக்கு எப்படி வந்தாய்?" என்று கேட்பது. பதிலைச் சரிபார்க்கக்கூட வேண்டாம். சொல்லும்போதே பிள்ளைக்குத் தட்டும்.

ஃபோனைப் பிடுங்கச் சொல்லவில்லை. பிடுங்கினாலும் பள்ளி லேப்டாப் இருக்கிறது. ஒழுங்கை மட்டும் மாற்றுங்கள். முதலில் கொப்பியில் தானாகச் செய்த வரிகள், தப்பாக இருந்தாலும் அழிக்காமல். அதற்குப் பிறகு ஃபோன். சாட்பாட்டிடம் கேள்வியைப் படமெடுத்து அனுப்புவதற்குப் பதிலாக, தான் செய்த வரிகளைப் படமெடுத்து "விடையைச் சொல்லாதே, எந்த வரியில் பிழை என்று மட்டும் சொல்" என்று கேட்கட்டும். அது சில சமயம் இல்லாத பிழையைச் சொல்லும். அதையும் பிள்ளை கண்டுபிடித்தால் அன்றைக்குப் பாடம் நடந்திருக்கிறது என்று அர்த்தம். அழிரப்பரை மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இந்த வாரம் ஒரு நாள், பிள்ளை சரியாகச் செய்ததாகச் சொல்லும் ஒரு கணக்கைக் காட்டி, கொப்பியை மூடிவிட்டு, வெறும் தாளில் திரும்பச் செய்யச் சொல்லுங்கள். எந்த வரியில் நிற்கிறதோ, அடுத்த ரியூஷன் அங்கிருந்து தொடங்கட்டும்.